கடிகாரம் ஓடும்வரை பேசலாம்

"ஞாயித்துக்கிழமை பலகை போடலாம்" என்று சொல்லிவிட்டு மாமனார் மாடியேறியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். வெளியாளுக்கு அது விளையாட அழைப்பது போலக் கேட்கும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது சம்மன்.

மாமனார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் பேச்சை எழுதியே கழித்தவர். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எதுவும் பதிவாகாது என்பதுதான் அவர் அங்கே கற்றுக்கொண்டது. மனைவி இறந்து, மகனும் மகளும் எதிர்த்துப் பேசுகிற வயதுக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

தகராறு என்றால் சதுரங்கப் பலகை. பக்கத்தில் இரண்டு முகம் கொண்ட கடிகாரம். ஆளுக்குக் கால் மணி நேரம். யாருடைய கடிகாரம் ஓடுகிறதோ அவர் மட்டும் பேசலாம். காயை நகர்த்திப் பொத்தானை அழுத்தியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஜெயித்தவர் சொன்னது நடக்கும்.

பேசினால் யோசிக்கிற நேரம் குறையும். யோசித்தால் பேசுகிற நேரம் குறையும். அதனாலேயே அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசியதில்லை.

இந்த முறை தகராறு முன்னறையைப் பற்றியது. தெருவைப் பார்த்த அந்த அறையில்தான் மருமகள் பல் செட் செய்கிறாள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, யாரோ முகம் தெரியாதவர்கள் மென்று தின்பதற்குப் பற்கள் கட்டுகிறாள். அந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மாமனார். மகள் சிட்டு, புருஷன் வீட்டிலிருந்து ஒரேயடியாக வருகிறாள், அறை அவளுக்கு. கூடவே ஒரு கட்டளை: "அவகிட்ட யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டா வரமாட்டா."

யாரும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை. மருமகள் மெழுகில் கீழ் வரிசைப் பற்களைப் பதித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், மாமனாரின் மகன், வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வதைக்கூட உதவியாளிடம் விட்டுவிடுகிற ஆள்.

"மத்தியானம் அப்பாகூட உக்காரணும்" என்றான்.

"நீங்க உக்கார வேண்டாம்."

"பின்ன?"

"நான் உக்கார்றேன்."

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நான் தோத்துருவேன்னு பயமா?"

"ஜெயிச்சாலும் பிரயோஜனம் இல்லை. போன தடவை மாடி ஜன்னல் விஷயமா ஆடினீங்களே, உங்க கடிகாரத்துல பாதி அப்படியே மிச்சம் இருந்துச்சு. ஒரு வார்த்தை வரலை."

"யோசிச்சுட்டு இருந்தேன்."

"நானும் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். நீங்க யோசிச்சது எனக்குக் கேக்கலை."

அவள் ஒரு கடைவாய்ப்பல்லை நகத்தால் லேசாகத் தள்ளி நேராக்கினாள்.

"உனக்கு ஆட வருமா?"

"சிட்டு சொல்லிக் குடுத்தா."

"எப்போ? அவ இங்க வந்தே வருஷமாச்சு."

"போன்ல. மூணு மாசமா." மேஜையின் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அட்டையில் கோடு போட்ட கட்டங்கள். மேலே உபரிப் பற்கள். கடைவாய்ப்பல் யானை, கோரைப்பல் மந்திரி, முன்வரிசைப் பற்கள் எல்லாம் சிப்பாய்.

"ராஜா?"

"ஞானப்பல்."

அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். "முன்ரூம் விஷயம் அவளுக்குத் தெரியுமா?"

"எப்படிச் சொல்றது? அவ ரூமுக்காக அவகிட்டயே கத்துக்கிட்டு அவளையே தடுக்கப் போறேன்னா?"

அவன் இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடினான்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் மாமனார் பலகையைக் கூடத்து மேஜையில் வைத்தார். எதிர் நாற்காலியில் மருமகள் வந்து உட்கார்ந்தபோது மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தான்.

மாமனார் காய்களை அடுக்காமல் அப்படியே இருந்தார்.

மருமகள் பலகையைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினாள்.

சிட்டு கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. பலகை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் உட்காருகிறார்கள். ஆடுகிறவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்பாள். வெள்ளை ராணி வெள்ளையில், கறுப்பு ராணி கறுப்பில். மூலை தவறினால் இதெல்லாம் தவறும்.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மாமனார்.

"இப்பப் பேசலாமா மாமா? கடிகாரம் இன்னும் போடலையே."

மகன் இருமினான். மாமனார் இரண்டு சிப்பாய்களை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு கைகளை நீட்டினார். அவள் தொட்ட கையில் கறுப்பு இருந்தது. வெள்ளை அவருக்கு. வெள்ளைதான் எப்போதும் முதலில் நகரும்.

அவர் ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, பொத்தானை அழுத்தினார். அவளுடைய கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில், அவள் பேச்சுக்கென்று நேரம் ஒதுக்கப்பட்டது அப்போதுதான்.

"மாடியில வெச்சுக்கலாமேன்னு நீங்க சொன்னதா இவர் சொன்னார். மாடியில தண்ணி கிடையாது மாமா. அச்சு வார்த்த பிளாஸ்டர் கழுவின தண்ணி சாதாரணக் குழாய்ல போனா ஒரே வாரத்துல கல்லாயிடும். முன்ரூம்லதான் அதுக்குத் தொட்டி கட்டியிருக்கு. பல் சுடற சூளையைத் தூக்கிட்டு மாடி ஏத்தவும் முடியாது." சொல்லிக்கொண்டே குதிரையை எடுத்து வைத்தாள். மற்ற காய்களைத் தாண்டிக் குதிக்கக்கூடியது குதிரை ஒன்றுதான். வழி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாமனார் மந்திரியைக் கொண்டுவந்தார். பொத்தான்.

"வேற இடம் பார்த்துக்கோன்னா, பார்த்துக்கறேன். அது வேற விஷயம். ஆனா நான் கேட்கிறது ஒண்ணுதான். இது என் வேலை செய்யற இடம். காலி பண்ணுன்னு என்கிட்ட யாரும் சொல்லலை. இவர்கிட்ட சொன்னீங்க. இவர் என்கிட்ட சொன்னார். அதுவும் ரெண்டு நாள் கழிச்சு."

மகன் நாற்காலியில் அசைந்தான்.

இன்னும் சில நகர்த்தல்களில் அவளுடைய மந்திரியும் வழி விட்டதும் அவள் கோட்டை கட்டினாள். ஒரே முறையில் இரண்டு காய்களை நகர்த்துவதற்கு ஆட்டத்தில் இருக்கிற ஒரே அனுமதி அது. ராஜா யானைப் பக்கமாக இரண்டு கட்டம் போவார். யானை அவரைத் தாண்டி மறுபக்கம் நிற்கும். "மொதல்ல ராஜாவைத் தொடு அண்ணி, யானையைத் தொட்டுட்டா அப்பா விடமாட்டார்" என்று சிட்டு பல முறை சொல்லியிருந்தாள். ராஜாவைத் தொட்டாள்.

இப்போது மாமனாரின் கடிகாரம் ஓடியது. அவர் பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்த வீட்டுல தெருவுக்குத் தனிக் கதவு இருக்கிற ரூம் அது ஒண்ணுதான்."

கடிகாரம் டிக்கென்றது. அவர் அவசரப்படவில்லை.

"திரும்பி வர்ற பொண்ணு, போகும்போதும் வரும்போதும் கூடத்துல இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கணும். எங்க போறே, எப்ப வருவேன்னு யாராவது கேட்பாங்க. அன்பாத்தான் கேட்பாங்க. ஒரு மாசத்துல அவளுக்கு வெளியே போறதே விட்டுப்போயிடும். கோர்ட்டுல நான் எழுதினதுல பாதி அந்த மாதிரிப் பொண்ணுங்க சாட்சிதான்."

ஒரு சிப்பாயை நகர்த்தினார். பொத்தான்.

மருமகளுக்கு நேரம் ஓடியது. ஆட்டத்துக்கு வரும்போது மாமனாரிடம் பிடிவாதம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்து வந்தவள். காரணம் இருக்கும் என்று நினைக்கவில்லை. அது நல்ல காரணமாகவும் இருந்தது.

இருந்தும் அறை ஒன்றுதான்.

சில நகர்த்தல்களுக்குப் பின் மாமனார் ஓரத்துச் சிப்பாயை அதன் முதல் இடத்திலிருந்து இரண்டு கட்டம் ஒரேயடியாகத் தள்ளினார். அது அவளுடைய சிப்பாயைத் தாண்டி, பக்கத்தில் வந்து நின்றது. தப்பிவிட்டது என்றுதான் புதிதாக ஆடுகிற யாரும் நினைப்பார்கள்.

அவள் தன் சிப்பாயைக் குறுக்காக ஒரு கட்டம் முன்னே வைத்து, பக்கத்தில் நின்றதை எடுத்துவிட்டாள். இரண்டு கட்டம் பாய்ந்து தாண்டிப் போகிற சிப்பாயை, அது ஒரு கட்டம்தான் வந்ததாக எண்ணி வெட்டலாம். அடுத்த நகர்த்தலிலேயே செய்ய வேண்டும். விட்டால் உரிமை போய்விடும். சிட்டு சொன்னபோது, "இது கள்ளாட்டம்டீ" என்று மருமகள் போனில் சண்டை போட்டிருந்தாள்.

மாமனாரின் புருவம் உயர்ந்தது. மகன் எழுந்தே வந்துவிட்டான்.

மருமகளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் வினை. பொத்தானை அழுத்தினாள். அவர் ஒரு யானையை நகர்த்தினார். அவளுடைய நேரம். பலகை முழுக்கப் பார்வையை ஓட்டினாள். அவளுடைய ராணி கட்டத்தின் கோட்டில் ஏறி, சற்றே ஒருக்களித்து நின்றது. அவசரத்தில் வைத்தது.

நாள் முழுக்க வரிசை பார்க்கிற கை. பல் ஒன்று கோணினால் தானாகப் போய்ச் சரிசெய்கிற கை. விரலால் ராணியை மெல்ல நேராக்கினாள்.

"தொட்டுட்டே" என்றார் மாமனார்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். சரிசெய்யத்தான் தொடுகிறோம் என்றால் தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை.

"அப்பா, அது அவ பழக்கம். நேரா வெச்சா, அவ்வளவுதான்..." என்றான் மகன்.

"யார் கடிகாரம் ஓடுது?"

மகன் வாயை மூடினான். மனைவிக்காக அவன் அந்தக் கூடத்தில் வாயைத் திறந்தது அதுதான் முதல் முறை. பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று.

"என் கடிகாரம்தான் ஓடுது" என்றாள் மருமகள். "நான் சொல்றேன். தொட்டது தொட்டதுதான்."

ராணி போகக்கூடிய கட்டங்கள் எல்லாவற்றிலும் அவருடைய காய் ஏதாவது ஒன்றின் கண் இருந்தது. நின்ற இடத்தில் மட்டும் பத்திரமாக இருந்திருக்கும். ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு அந்த ராணி செத்தது.

அதற்கு மேல் ஆட்டம் ஒரே பக்கமாகச் சரிந்தது. அவளுடைய குதிரைகள் போயின. யானைகள் போயின. மாமனாரின் சிப்பாய் ஒன்று கடைசி வரிசையைத் தொட்டு ராணியாயிற்று. ஆட்டத்திலேயே சின்னக் காய் அது. பின்னால் போகவே தெரியாது. எதிர்க்கரை சேர்ந்துவிட்டால் மட்டும் ராஜாவைத் தவிர எதுவாக வேண்டுமானாலும் மாறலாம்.

அவளிடம் மிஞ்சியது மூலையில் ஒதுங்கிய ராஜாவும், பக்கத்தில் ஒரு சிப்பாயும்.

அவளுடைய நேரமும் கொஞ்சம்தான் இருந்தது. அதைப் பேச்சுக்குச் செலவு செய்தாள்.

"சிட்டுக்குத் தனிக் கதவு வேணும்னு நீங்க சொன்னது எனக்குப் புரியுது மாமா. எனக்கும் அந்தக் கதவு வேணும். நானும் அது வழியாத்தான் போய் வர்றேன். கூடத்துல நீங்க உக்காந்திருப்பீங்கன்னுதான்."

மாமனார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் முறை.

அவள் அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினாள். அவருடைய ராணியின் நேர்ப்பாதையில். காவல் இல்லாமல். சும்மா எடுத்துக்கொள் என்பது போல.

பொத்தான்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார். கடிகாரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துத் திறந்தார்கள். அவருடைய விரல் ராணியின் தலைக்கு மேலே வந்து, நின்று, பிறகு இறங்கியது. ராணி நேராக வந்து சிப்பாயை வெட்டி, அந்தக் கட்டத்தில் நின்றது.

மருமகள் பலகையைப் பார்த்தாள். மூலையில் அவளுடைய ராஜா. ராஜாவுக்குச் செக் இல்லை. யாரும் அவரைத் தாக்கவில்லை. ஆனால் நகரக் கட்டமும் இல்லை. சுற்றியிருந்த மூன்று கட்டங்களிலும் அந்த ராணியின் பார்வை. ராணியால் எல்லாக் காய்களையும் போலப் போக முடியும், குதிரையைப் போல மட்டும் முடியாது. சரியாக அந்தக் குதிரைத் தூரத்தில்தான் ராஜா நின்றார். வேறு காயும் இல்லை.

அவளுடைய முறை. நகர்த்த எதுவும் இல்லை.

"ஸ்டேல்மேட்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

எவ்வளவு காய் வைத்திருந்தாலும் சரி. எதிராளியைச் செக் வைக்காமல், அசையவும் விடாமல் அடைத்துவிட்டால் ஜெயித்ததாக ஆகாது. ஆட்டம் சமம். எல்லாம் இழந்தவருக்கும் பாதி.

மாமனார் கடிகாரத்தை நிறுத்தினார்.

"டிரா" என்றார். "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும். வழக்கம் அதுதான்."

எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு மாடிக்குப் போனார்.

காய்களைப் பெட்டியில் போட்டவன் மகன். மருமகள் உட்கார்ந்தே இருந்தாள்.

"உன் ரூம் தப்பிச்சுது" என்றான்.

"ம்."

"அப்பா அதைப் பார்க்காமலா வெட்டியிருப்பார்?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "நீங்களே கேளுங்களேன்."

"எப்படிக் கேக்கறது? பலகையை எடுத்தாச்சே."

அவள் அவனையே பார்த்தாள். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்குத்தான் நேரம் இல்லாமப் போச்சு. இல்லைன்னா பேசியிருப்பேன்" என்றான்.

"பாதி பேசினீங்க" என்றாள். "போதும், இன்னிக்கு."

சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வழக்கம்போலப் போன் வந்தது. மருமகள் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன அண்ணி, பலகை போட்டாங்களா? அண்ணன் தோத்துட்டானா?"

"நான்தான் ஆடினேன்."

"அப்பாகூடவா?" சிட்டு சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. "எத்தனை நகர்த்தல் தாங்கினே? ஆளுக்கு மூணு தடவை நகர்த்துறதுக்குள்ள கோடிக்கணக்கான வழி இருக்கு. அதுல தோக்கிற வழியாப் பார்த்துப் போயிருப்பியே!"

"டிரா."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"அப்பாவையா? எப்படி?"

சொன்னாள். ராணியைத் தொட்டதைச் சொன்னபோது சிட்டு பல்லைக் கடித்தாள். கடைசிச் சிப்பாயைச் சொன்னபோது மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அதை நீயா யோசிச்சே?"

"நானாத்தான்."

"அப்பா வெட்டினாரா? அதைப் போயா?" பிறகு, "சரி, எதுக்காக ஆட்டம்? எதைப் பத்தி?"

மருமகள் மேஜையில் இருந்த, பல் செட்டின் கடி சரிபார்க்கிற இரும்புத் தாடையைத் திறந்து மூடினாள். கேட்கக் கூடாது என்றுதான் கட்டளை. கேட்டதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"முன்ரூமைப் பத்தி. மாமா காலி பண்ணச் சொன்னார்."

"ஏன்? யாருக்கு வேணுமாம்?"

"உனக்கு."

மௌனம். முதலில் அது சாதாரண மௌனம் போலத்தான் இருந்தது. நீண்டுகொண்டே போனபோது, சிட்டு போனைக் கீழே வைத்துவிட்டாளோ என்று மருமகளுக்குச் சந்தேகம் வந்தது.

"சிட்டு?"

"நான் வர்றேன்னு யார் சொன்னா?"

"மாமாதான். நீ சொன்னதா..."

"நான் யார்கிட்டயும் சொல்லலை அண்ணி. இன்னும் இவர்கிட்டயே சொல்லலை."

மருமகள் நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தாள்.

"இவர் வேலை விட்டு வர்ற நேரம் இது" என்றாள் சிட்டு மெதுவாக. "கல்யாணமானதுலேர்ந்து இந்த நேரத்துக்கு நான் யாருக்காவது போன் பேசியிருக்கேனா? மூணு மாசமா தினம் உன்கிட்ட பேசறேன். இவர் இப்பல்லாம் வீட்டுக்கு வர்றதில்லைன்னு தெரிஞ்சுக்க வேற என்ன வேணும். தினம் இந்த நேரத்துக்குப் போன் அடிக்கறதை அப்பா மாடியில உக்காந்து கேட்டுட்டு இருந்திருக்கார்."

சொல்லாமல் விட்ட பாதியை மருமகள் தானே முடித்துக்கொண்டாள். தினமும் பேசினவள் அவள். குதிரை எப்படிப் போகும், யானை எப்படிப் போகும் என்று கேட்டாளே தவிர, இந்த நேரத்தில் உனக்கு எப்படி ஓய்வு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"அண்ணி."

"சொல்லு."

"பெட்டி கட்டி வெச்சு ஒரு வாரம் ஆச்சு. எங்க போறதுன்னுதான் தெரியலை. அப்பா கேள்வி கேட்பார்னு நெனச்சேன்." குரல் ஒருமுறை தட்டுத் தடுமாறிச் சரியாயிற்று. "அங்க எனக்கு இடம் இருக்கா?"

மருமகள் அறையைப் பார்த்தாள். பிளாஸ்டர் தொட்டி. சூளை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க அடுத்தவர் வாய்கள். ஒரு கட்டிலை நிறுத்தி வைக்கக்கூட இடமில்லை. மத்தியானம் போராடி வாங்கியது இதைத்தான்.

"இருக்கு" என்றாள்.

எங்கே என்று சிட்டு கேட்கவில்லை. "காலையில வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.